கட்டத்துக்குள் சின்னவன்

சென்ற வாரம் மூத்தவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கல்லூரி ஆய்வகத்தின் கூரையில் விரிசல் கண்டு, கட்டடத்தைப் பூட்டி, முதலாண்டு நிரலாக்க வகுப்பை வீட்டிலிருந்தே நடத்தச் சொல்லிவிட்டார்கள் அல்லவா? அந்த வகுப்பின் திரையில் வரிசையாக அடுக்கிய கட்டங்களில் ஒன்று கறுப்பாக இருக்கிறது. அதன் அடியில் 'சின்னவன்' என்ற பெயர் மட்டும். அவளுடைய தம்பி போன வருடம் இதே வகுப்பில் சேர்ந்தபோது தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. சொந்த அக்காவே பாடம் நடத்த வந்தால் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வது என்று சிரித்தான்.

பிறகு ஒரு சாயங்காலம் அப்பாவோடு பேச்சு முற்றி, வாசலைத் தாண்டிப் போனான். அம்மாவின் ஃபோனுக்கு ஒரே ஒரு செய்தி வந்தது. 'நல்லா இருக்கேன். தேடாதீங்க.' அதோடு அந்த எண்ணும் போயிற்று.

அவன் வகுப்புக்கே வராமல் சுற்றுகிறான் என்று அப்பாவிடம் சொன்னவள் மூத்தவள்தான். அப்பா சொன்ன வார்த்தை இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது.

"இந்தக் கதவைத் தாண்டினா, அப்புறம் இது உனக்குத் திறக்காது."

அப்போது வாசற்கதவு தொய்ந்திருந்தது. தரையில் உரசும். பிடியைப் பற்றிக் கொஞ்சம் தூக்கினால்தான் நகரும். கோபத்தோடு போனவனால் அதை அறைந்து சாத்தக்கூட முடியவில்லை, பாதியில் உரசி நின்றுவிட்டது. அவன் போய்ச் சில வாரங்கள் கழித்து அப்பா அந்தக் கதவைக் கழற்றினார். கீல்களுக்கு நடுவே வாஷர்களைப் போட்டு, உயர்த்தி மாட்டினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.  இப்போது ஒரு விரலால் தள்ளினால் போதும்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆள் வரவில்லை. கட்டம் வந்திருக்கிறது.

*

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று மூத்தவள் வகுப்பைத் தொடங்கினாள்.

அது அப்பாவின் வார்த்தை. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த வீட்டில் யாரும் 'வந்துவிட்டேன்' என்று சொல்வதில்லை, 'ஏறியாச்சு' என்றுதான் சொல்வார்கள். போன வாரம், ஒரே ஒரு வரியை அச்சிடும் முதல் நிரலை எழுதச் சொன்னபோது கறுப்புக் கட்டத்திலிருந்து வந்த வரியும் அதுதான். 'ஏறியாச்சு.' அதைப் படித்த கணத்திலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

திரையில் ஒரு நெற்றி, ஒரு காது, ஒரு மின்விசிறி தெரிந்தன. மற்றவர்கள் கேமராவைத் திறக்காமல் ஏதோ ஒரு படத்தை வைத்திருந்தார்கள். ஆய்வகமாக இருந்தால் நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு நடை நடந்தால் போதும், முதுகைப் பார்த்தே யாருக்குப் புரியவில்லை என்று சொல்லிவிடுவாள். இங்கே முதுகுகள் இல்லை.

"இன்னைக்கு நிரலே எழுத வேண்டாம்" என்றாள். "உங்க வீட்டு வாசல்லேருந்து நீங்க எப்பவும் உக்கார்ற இடம் வரைக்கும் ஒருத்தரை நடக்க வைக்கணும். அவங்க கண்ணைக் கட்டிடுங்க. நீங்க எழுதினதை மட்டும் படிக்கணும். படிச்சதை மட்டும் அவங்க செய்யணும். கம்ப்யூட்டருக்கும் கண்ணு கிடையாது. நீங்க மனசுல நினைச்சது அதுக்குத் தெரியாது."

"மேடம், எங்க அண்ணன் கண்ணைக் கட்டினா என்னை உதைப்பான்" என்றது ஒரு குரல்.

"அப்ப உன் கண்ணைக் கட்டிக்கோ. அவனைப் படிக்கச் சொல்லு."

"சுவத்துல முட்ட விட்டுடுவான் மேடம்."

சில கட்டங்கள் சிரித்தன.

"எத்தனை எட்டு நடக்கணும்னு எண்ணி எழுதலாமா மேடம்?"

"எழுதலாம். ஆனா உன் எட்டு வேற, உன் அண்ணன் எட்டு வேற. எண்ணிக்கையை விட்டுட்டு, 'சுவர் கையில படற வரைக்கும் நட'ன்னு எழுதிப் பாரு. யார் நடந்தாலும் சரியா வரும்."

போன வருடமும் இதே பயிற்சியை, இதே வார்த்தைகளில், ஆய்வகத்தில் கொடுத்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பயிற்சியை அவன் எழுதித் தரவே இல்லை. அதற்குப் பிறகுதான் வகுப்புக்கு வருவதும் நின்றது.

மூத்தவள் கறுப்புக் கட்டத்தைப் பார்த்தாள். இன்று கேட்டுவிட வேண்டும்.

"சின்னவன். இருக்கீங்களா?"

 கட்டத்தின் மூலையில் இருந்த மைக் அடையாளத்தின் நிறம் மாறியது. யாரோ தெரியாமல் தொட்டிருக்க வேண்டும். மூச்சு கேட்டது. அவ்வளவு நெருக்கத்தில் ஒரு மூச்சு.

 அவள் ஒலியைக் கூட்டினாள்.

அப்போது சமையலறையில் அம்மா ஒரு தட்டைக் கீழே போட்டாள். சுவர் வழியாக அந்தச் சத்தம் வந்தது. ஒரு நொடி தாமதித்து, அதே தட்டு, அதே சுழற்சியோடு, அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனுக்குள் விழுந்தது.

கட்டம் இந்த வீட்டுக்குள் இருந்தது.

*

வகுப்பை எப்படி முடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தம்பியின் அறை. அவன் கட்டிலில், அவன் விட்டுப்போன லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோனை மாட்டியபடி அப்பா உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவர்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். இப்போது அவர்களுடைய முகம் அவருக்கு இருந்தது.

"மூடத் தெரியல மா. இந்த மைக்கு எங்க இருக்குன்னே தெரியல."

"எத்தனை நாளா பா?"

"நீ வீட்லேருந்து ஆரம்பிச்சதுலேருந்து."

"பாஸ்வேர்டு?"

"கேக்கவே இல்லையே. தொறந்தா அவன் பேரு வந்துச்சு. நீ பேசிட்டு இருந்தே."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். திரையில் அவர் பாதி எழுதிய நிரல் இருந்தது. அடைப்புக்குறியைத் திறந்திருந்தார், மூடவில்லை. கறுப்புக் கட்டத்திலிருந்து வந்த எல்லா நிரலிலும் இதே பிழை இருந்தது. அவசரக்காரத் தம்பியின் பிழை என்று நினைத்திருந்தாள்.

"எதுக்குப் பா இது?"

அப்பா விசைப்பலகையைத் துடைப்பதுபோல விரலால் தடவினார்.

"இந்தப் பாடத்துக்காகத்தானே அவனைத் திட்டினேன். இது என்னன்னே எனக்குத் தெரியாது. அப்படி என்னதான் இதுல கஷ்டம்னு பாக்கலாம்னு உக்காந்தேன்." ஹெட்ஃபோனைக் கழற்றி, கம்பியை மெதுவாகச் சுற்றினார். "கஷ்டமாத்தான் மா இருக்கு."

வாசலில் அம்மா நின்றிருந்தாள். விழுந்த தட்டு இன்னும் கையில் இருந்தது.

"உனக்கும் தெரியுமா மா?"

"டீ கொடுக்க வந்தப்ப பாத்தேன். இங்கேருந்து உன் குரல் கேட்டுச்சு. நீயும் அவனும் சண்டை போட்டுட்டு ஒரே ரூம்ல உக்காந்திருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்தியிருப்பே."

அப்பா பேச்சை மாற்றப் பார்த்தார். "இன்னைக்கு வீட்டுப்பாடம் ஈசிதான். வாசல்லேருந்து இந்தக் கட்டில் வரைக்கும் எத்தனை எட்டுன்னு எனக்குத் தெரியாதா. எண்ணி எழுதிட வேண்டியதுதான்."

"மாத்திரையைக்கூட எண்ணிட்டுத்தான் முழுங்குவார்" என்றாள் அம்மா.

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவளுக்குள் ஏதோ இறங்கிப் போயிருந்தது. பயந்துகொண்டே ஒன்றை நம்பியிருந்தாள். இப்போது பயமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. எது அதிகமாக வலிக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

*

சாப்பாட்டுக்குப் பிறகு கல்லூரியிலிருந்து 'சாவி' கூப்பிட்டார். கணினிப் பிரிவில் எல்லோருக்கும் கடவுச்சொல் கொடுப்பவர் அவர். மாணவர்கள் வைத்த பெயர் அவருக்கே பிடித்துப் போய்விட்டது.

"மேடம், அவசரத்துல ஏத்தினோம் இல்லையா, போன வருஷத்துப் பட்டியலும் சேந்து ஏறிடுச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டேன். ஒரே ஒரு கணக்கு மட்டும் இன்னும் உள்ள வந்து போயிட்டு இருக்கு. சின்னவன்னு ஒரு பேரு."

"தெரியும்."

"சாயங்காலத்துக்குள்ள எடுத்துடச் சொல்லித் துறைத்தலைவர் நிக்கிறார். வகுப்புல இல்லாத ஆள் உள்ள உக்காந்திருக்கக் கூடாதுன்னு. எடுத்தா, வகுப்புப் பயிற்சியெல்லாம் போற மெயிலும் சேந்து மூடிடும் மேடம். அந்தப் பேருக்கு இனிமே எதுவும் போகாது, அங்கேருந்து எதுவும் வராது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சாயங்காலம் சொல்றேன்."

அப்பாவிடம் சொன்னாள். அவர் லேப்டாப்பை மூடி, தம்பியின் மடித்த சட்டைகளுக்கு மேல் வைத்தார்.

"எடுத்துடு மா. நான் உக்காந்திருந்தா அவன் உக்காந்திருக்கான்னு ஆயிடுமா?"

பால் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வீட்டில் பால் இருந்தது. 

மூத்தவள் ஹாலின் மூலையில் இருந்த தன் மேஜைக்குத் திரும்பினாள். அந்தப் பெயரை நீக்கச் சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும். கறுப்புக் கட்டத்தில் இருந்தவர் அப்பா. பெயருக்குள் யாரும் இல்லை. காலி நாற்காலியை வகுப்பிலிருந்து எடுத்துப் போடுவதைப் போலத்தான். இருந்தும் ஃபோனை எடுக்கக் கை வரவில்லை. ஒருமுறை போனவனை மறுபடியும் அனுப்பிவைப்பதாகத் தோன்றியது.

மாணவர்களின் பயிற்சிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே 'சின்னவன்' என்ற பெயரும் இருந்தது.

அப்பா மத்தியானமே முடித்து அனுப்பிவிட்டார் போல. அவளுக்கு மனம் இளகியது. திருத்தும்போது அவள் ஒவ்வொரு பயிற்சியையும் ஒருமுறையாவது நடந்து பார்ப்பாள், அது அவள் வழக்கம். அப்பாவின் கடைசி வீட்டுப்பாடத்தையும் அப்படியே திருத்திவிட்டு, பிறகு பெயரை எடுக்கச் சொல்லலாம்.

அம்மாவைக் கூப்பிட்டு, படித்துப் பார்க்காமலே ஃபோனைக் கொடுத்தாள்.

"அப்பா எழுதினது. நான் கண்ணைக் கட்டிக்கறேன். நீ ஒவ்வொரு வரியா படி. இதுல இருக்கறதை மட்டும் படிக்கணும், நீயா எதுவும் சொல்லக் கூடாது."

"நானா? சொல்லாம எப்படிடி இருக்கறது?"

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. மூத்தவள் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"'கேட் கையில் இடிக்கும் வரை நட.'"

நடந்தாள். கேட் இடித்தது.

"'கொக்கியைத் தூக்கு. உள்ளே வா. காலில் படி தட்டும் வரை நட.'" அம்மா நிறுத்தினாள். "கண்டக்டர் ஒரு எண்ணிக்கைகூடப் போடல. உடம்பு கிடம்பு சரியில்லையா அவருக்கு?"

"அம்மா, இருக்கறதை மட்டும்."

"சரிடி. 'படி ஏறு. கதவில் கை வை.'"

கை வைத்தாள். வெயிலில் மரம் சூடாக இருந்தது.

"'பிடியைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கித் தள்ளு.'"

உடம்புக்குப் பழகிய வேலை அது. யோசிக்காமல் தூக்கித் தள்ளினாள். கதவு காகிதம்போலப் பறந்து உள்சுவரில் மோதியது. அந்தச் சத்தம் ஹாலைக் கடந்து பின்னறை வரைக்கும் போய் நின்றது.

கண்கட்டுக்குள் இருட்டாக இருந்தது. அவள் கை காற்றில் நீட்டியபடியே இருந்தது. அடுத்த வரி வரவில்லை.

"அம்மா?"

அம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. "உங்கப்பா எதுக்குடி இதை எழுதப் போறார்? அவர்தானே சரி பண்ணார்."

கேட்டின் கொக்கி தூக்கப்படும் ஓசை. அப்பாவின் செருப்புச் சத்தம்.

"என்ன இது, தெருவே பாக்குது" என்றார் அவர். 

மூத்தவள் கண்கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் எதையோ இழந்துவிடுவோம் என்று பயந்தாள்.

"அப்பா. நீங்க இன்னைக்குப் பயிற்சி அனுப்பினீங்களா?"

"எங்கே அனுப்பினேன்? கேட்லேருந்து படி வரைக்கும் எண்ணி வெச்சேன். அதுக்குள்ள நீ எடுத்துடப் போறேன்னு சொன்னே. அப்படியே மூடி வெச்சுட்டேன்."

 பால் பாக்கெட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் கேட்டது.

"மேல படி மா" என்றாள் மூத்தவள்.

அம்மா படித்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. கதவைத் தாண்டி, நாற்காலி முழங்காலில் படும் வரை. அங்கிருந்து வலது பக்கம், சுவரைத் தொட்டுக்கொண்டே, சுவர் முடியும் வரை. மகள் நடந்தாள். அம்மா பின்னாலேயே வந்தாள். அப்பா கடைசியில். பின்னறை. கட்டில்.

"'உட்காரு'" என்று படித்தாள் அம்மா. உட்கார்ந்தாள்.

கடைசி வரியை அம்மா படிக்கவில்லை. ஃபோனை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிறவரைப்போல வாசித்தார்.

"'செருப்போடு வந்திருப்பாய். அம்மா திட்டும் வரை காத்திரு.'"

மூத்தவள் குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். செருப்பு இருந்தது.

அம்மா திட்டவில்லை. திட்ட வாயெடுத்தவள், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

*

சாவி மறுபடி கூப்பிட்டபோது மூத்தவள் கண்கட்டை அவிழ்த்திருந்தாள்.

"எடுத்துடலாமா மேடம்?"

"வேண்டாம். அவன் என் மாணவன். இன்னைக்குப் பயிற்சி கொடுத்திருக்கான்."

மறுமுனையில் அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இந்த வாரம் மட்டும் தள்ளி வைக்கிறேன் மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பையனே வந்து, நான்தான்னு சொல்லி மறுபடி சேரணும். இல்லன்னா அது தானா மூடிக்கும். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

ஃபோனை வைத்துவிட்டு, பயிற்சியின் அடியில் ஆசிரியரின் குறிப்புக்கான இடத்தைத் திறந்தாள். என்ன எழுதுவது? எங்கே இருக்கிறாய். சாப்பிட்டாயா. அப்பா உன் கட்டிலில் உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்கிறார். எதை எழுதினாலும் பயந்து விலகிவிடுவான். பயிற்சியாகத்தான் அனுப்பியிருக்கிறான். பயிற்சியாகவே திருத்த வேண்டும்.

'கதவு வரியில் பிழை' என்று தட்டினாள். 'கதவு இப்போது முன்பு போல்' என்பது வரைக்கும் வந்து நின்றாள்.

வாசலில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தாள். அப்பா முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழைய கருவிப் பெட்டி. அம்மா இரண்டு கைகளாலும் கதவை மேலே தாங்கிப் பிடித்திருந்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"வாஷரை எடுக்கறேன்."

"எதுக்குப் பா? நல்லாத்தானே இருக்கு."

அவர் கீலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் வந்து தூக்கித் தள்ளுவான். இப்ப மாதிரி பறந்து போச்சுன்னா, வேற யார் வீட்டுக்கோ வந்துட்டோம்னு நினைச்சுப்பான்."

அம்மா ஏதாவது சொல்வாள் என்று மூத்தவள் எதிர்பார்த்தாள். அம்மா கதவை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள்.

வாஷர்கள் அப்பாவின் உள்ளங்கையில் விழுந்தன. கதவு தன் பழைய இடத்துக்கு இறங்கித் தரையைத் தொட்டது. அதன் உரசலைப் பல மாதங்களாக யாரும் கேட்டிருக்கவில்லை.

"தள்ளிப் பாரு மா" என்றார்.

மூத்தவள் வெளியே போய் நின்றாள். கை வைத்துத் தள்ளினாள். நகரவில்லை. பிடியைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கித் தள்ளினாள். திறந்தது.

மேஜைக்குத் திரும்பி, எழுதியிருந்ததை அழித்தாள். புதிதாக எழுதினாள்.

'எல்லா வரிகளும் சரி. எங்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்தோம்.'

அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அந்த லேப்டாப் பின்னறையில், மடித்த சட்டைகளின் மேல், மூடியபடியே இருந்தது. இங்கிருந்தே தெரிந்தது. அப்பா இன்னும் வாசலில் வாஷர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

திரையில் சின்னவன் என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவள் எழுதிய குறிப்பின் அடியில், சிறிய எழுத்தில், 'படிக்கப்பட்டது' என்று வந்தது.